வெளியில் நிற்கும் பழைய மரத்தூண் பிளந்தால் எப்படிச் சரிசெய்வது?

பிளவு இரண்டு வகை: மரமே வெடிப்பது ஒன்று, பலகைகளை ஒட்டிச் செய்த தூணில் இணைப்பு விட்டுப்போவது இன்னொன்று. இரண்டுக்கும் காரணம் ஈரம் ஏறி இறங்குவதுதான். காயும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்காது. நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிச் சுருங்குவதைவிட, வளர்ச்சி வளையங்களின் போக்கில் ஏறக்குறைய 2 மடங்கு சுருங்கும். குளத்துக் களிமண் காய்ந்து வெடிப்பது போலத்தான்.

முதலில் தூணை நன்றாகக் காயவிடுங்கள். இணைப்பில் பழைய பசையும் பெயின்டும் துளிகூட இல்லாமல் சுரண்டுங்கள். அவசரப்பட்டுக் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்து பூசும் வலுவான பசை) தடவி, சுற்றிலும் பெல்ட் போட்டு இறுக்குங்கள். அகலமான வெடிப்பில் அதே மரத்துண்டைச் சீவி, ரேகை ஒரே திசையில் ஓடும்படி செருகி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டலாம். அப்புறம், அடிப்பகுதி தண்ணீரில் நிற்கவே கூடாது. அங்கே மரத்தைக் குறுக்கே அறுத்த வெட்டுமுகம்தான் ஈரத்தை அதிகம் உறிஞ்சும்.

வெடிப்பில் சிமென்ட் திணித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மழையில் உப்பும் மரம் மூட இடமில்லாமல் நசுங்கி, அடுத்த வெயிலில் பிளவு இன்னும் அகலமாகும்.