கேஸ் மீட்டர் தப்பாக ஓடுகிறதா?

கேள்வி: வீட்டுக்குக் குழாய் கேஸ் வந்து நான்கு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதத்துக்கு 12 யூனிட் என்று பில் வந்தது. அடுத்த பில்லில் 34 யூனிட். சமையல் அதேதான், ஆட்களும் அதே நான்கு பேர்தான். மீட்டரைப் பார்த்தால் 00046385 என்று காட்டுகிறது. பயமாக இருக்கிறது. மீட்டர் பழுதா?
– வாசகி, சென்னை

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. மும்பையில் 22 வருடம் வீட்டு கேஸ் இணைப்பு வேலையில் இருந்தவன் நான். இதே கேள்வியை நூறு சமையலறைகளில் கேட்டிருக்கிறேன்.

அந்த எண்ணில் கடைசி மூன்று இலக்கங்கள் சிவப்பாக இருக்கும், பாருங்கள். அவை தசமம். உங்கள் மீட்டர் காட்டுவது 46.385 யூனிட். ஒரு யூனிட் என்பது ஒரு கன மீட்டர், அதாவது 1,000 லிட்டர். பில்லுக்குக் கறுப்பு இலக்கங்கள்தான் கணக்கு.

அடுத்து முதல் பில்லை எடுங்கள். ரீடிங் பக்கத்தில் ‘உத்தேசம்’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா? மீட்டர் சமையலறைக்குள் இருந்து, ஆள் வந்த நேரம் வீடு பூட்டியிருந்தால், ஒரு உத்தேசக் கணக்கைப் போட்டுவிடுவார்கள். அதில் விட்டுப்போனது அடுத்த பில்லில் சேர்ந்து வரும். 12ம் 34ம் சேர்ந்தால் 46. மீட்டரிலும் அதேதான் இருக்கிறது. அப்படியானால் மாதத்துக்குப் பதினொன்றரை யூனிட்.

இது நியாயமான செலவா என்று பார்க்க எளிய வழி உண்டு. 14.2 கிலோ சிலிண்டர் தரும் சூட்டைச் சுமார் 18 யூனிட் குழாய் கேஸ் தரும். முன்பு ஒரு சிலிண்டர் எத்தனை நாள் வந்தது? 45 நாள் என்றால், நான்கு மாதத்துக்கு 48 யூனிட் ஆகியிருக்க வேண்டும். உங்களுக்கு 46. சரியாகத்தான் ஓடுகிறது.

காசுக் கணக்கும் இப்படியே. 2025 ஏப்ரலில் சென்னையில் சிலிண்டர் 868 ரூபாய் 50 காசு ஆனது. 18ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 48 ரூபாய் சொச்சம். இன்றைய சிலிண்டர் விலையை அப்படி வகுத்து, உங்கள் பில்லில் வரியோடு சேர்த்து யூனிட் என்ன விலை என்று ஒப்பிடுங்கள். குழாயில் வருவது இயற்கை எரிவாயு. அது இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை, அதனால் பில்லில் மாநில அரசின் மதிப்புக் கூட்டு வரி இருக்கும்.

இனி பில் வரும் வாரத்தில் மீட்டரைப் போட்டோ எடுத்து நிறுவனத்துக்கு அனுப்பிவிடுங்கள். உத்தேசக் கணக்குக்கே இடம் இருக்காது.

சிவப்பு இலக்கங்களை ஒதுக்கிவிடாதீர்கள். கடைசி இலக்கம் ஒரு முறை நகர்ந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் குக்கரில் அரிசியும் பருப்பும் வைத்து இறக்க 60 லிட்டர் ஆகிறது. நீங்களும் ஒரு நாள் அளந்து பாருங்கள்.

அதைவிட முக்கியமான உபயோகம் ஒன்று உண்டு. இதை நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பேன். மாதம் ஒரு முறை, ராத்திரி அடுப்புத் திருகுகளை எல்லாம் மூடிவிட்டு, மீட்டரைச் சிவப்பு இலக்கத்தோடு எழுதி வையுங்கள். மீட்டர் பக்கத்து வால்வை மட்டும் அன்றைக்கு மூட வேண்டாம். காலையில் காபிக்குப் பால் வைப்பதற்கு முன்னால் பாருங்கள். ஒரு இலக்கம்கூட நகர்ந்திருக்கக் கூடாது. நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். உடனே அந்த வால்வை மூடுங்கள். கைப்பிடி குழாய்க்குக் குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. லைட், எக்ஸாஸ்ட் ஃபேன் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். வீட்டுக்கு வெளியே வந்து, பில்லில் இருக்கும் அவசர எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சிலிண்டர் கேஸ் தரையில் படியும். குழாய் கேஸ் காற்றைவிட லேசானது, கூரைப் பக்கம் போய் நிற்கும். அதனால் வெளியே வருவதற்கு முன் மேல் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வாருங்கள்.