பால் பைத்தானுக்கு எத்தனை அடி நீளத்தில் கூண்டு வேண்டும்?

கேள்வி: பல ஆண்டுகளாகக் கோழிப்பண்ணை நடத்துகிறேன். இப்போது வீட்டில் பால் பைத்தான் என்னும் மலைப்பாம்பு வகையில் இரண்டையும் வளர்க்கிறேன். ஒன்று ஏறக்குறைய நான்கடி நீளமுள்ள பெண். மற்றொன்று பிறந்து ஏழு மாதமான குட்டி, இரண்டடி இருக்கும். பெரியது இரண்டரை அடி நீளமுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கிறது. அதைப் பெரிய கூண்டுக்கு மாற்றலாம் என்றால், ‘இடம் பெரிதானால் பாம்பு பயந்து இரை எடுக்காது’ என்று சிலர் தடுக்கிறார்கள். கோழிக்குச் சொல்வதுபோல் ஒரு பாம்புக்கு இத்தனை சதுர அடி என்று கணக்கு உண்டா? இரண்டையும் ஒரே கூண்டில் விடலாமா?

பதில்: முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பெரிய பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் வேண்டும். அதாவது 120 செ.மீ., 60 செ.மீ., 60 செ.மீ. இதற்குக் கீழே போக வேண்டாம். ஐந்தடிக்கு இடம் இருந்தால் தயங்காமல் ஐந்தடியே செய்யுங்கள். பெண் பால் பைத்தான் 120 முதல் 150 செ.மீ. வரை வளர்வது இயல்பு, ஆகவே உங்களுடையது இன்னும் நீளக்கூடும். ஆண் பாம்புகள் பெரும்பாலும் 90 முதல் 120 செ.மீ.க்குள் நின்றுவிடும்.

சதுர அடிக் கணக்கு இங்கே உதவாது. பிராய்லர் கோழிக்கு ஒரு சதுர அடி என்று கொட்டகை போடுகிறோம். கொட்டகை நீளமாக இருந்தாலும் சதுரமாக இருந்தாலும் கோழிக்குப் பெரிய வேறுபாடு இல்லை. பாம்புக்கு நீளம்தான் கணக்கு. மூன்றடிக்கு மூன்றடி கூண்டின் பரப்பு ஒன்பது சதுர அடி. நான்கடிக்கு இரண்டடி என்றால் எட்டுதான். ஆனாலும் ஒன்பது சதுர அடிக் கூண்டின் எந்தச் சுவரோரத்திலும் நான்கடிப் பாம்பு நேராகப் படுக்க முடியாது. கூண்டின் நீண்ட பக்கம் பாம்பின் நீளத்துக்குக் குறையக் கூடாது. அகலம் அதில் பாதியாவது இருக்க வேண்டும். கூண்டு செய்யும் தச்சரிடம் இந்த இரண்டை மட்டும் சொன்னால் போதும்.

‘எப்போது பார்த்தாலும் சுருண்டுதானே கிடக்கிறது, அதற்கு எதற்கு நான்கடி?’ என்று கேட்பவர்கள் உண்டு. பெயரில் உள்ள ‘பால்’ பந்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தலையை நடுவில் புதைத்துப் பந்தாகச் சுருளும் பழக்கத்தால் வந்தது. அப்படிச் சுருள்வது அச்சத்தின் அடையாளம். பகலில் ஓய்வுக்காகச் சுருள்வது வேறு. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, ஓசையில்லாமல் போய்ப் பாருங்கள். வசதியான கூண்டில் இருக்கும் பாம்பு மறைவிடத்திலிருந்து முதலில் மூக்கை மட்டும் நீட்டும். நாக்கை நீட்டி நீட்டிக் காற்றைச் சோதித்தபின் மெல்ல வெளியே வரும். பின்சுவரை ஒட்டித் தலையிலிருந்து வால் நுனி வரை ஒரே கோடாக நீளும். சில நேரம் அப்படியே அசையாமல் வெகுநேரம் கிடக்கும். இரண்டரை அடிப் பெட்டியில் உங்கள் பாம்பு அப்படிக் கிடந்து எவ்வளவு நாளாயிற்று என்று எண்ணிப் பாருங்கள்.

இனி, உங்களைத் தடுத்தவர்கள் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பெரிய கூண்டுக்கு மாறிய பாம்பு இரையை மறுப்பதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கூண்டுகளைத் திறந்து பார்த்தால் உள்ளே ஒரு தண்ணீர்ப் பாத்திரமும் ஒரு மூலையில் ஒரு மறைவிடமும் மட்டும் இருக்கும். மற்றதெல்லாம் வெட்டவெளி. பாம்பை அச்சுறுத்தியது கூண்டின் அளவு அல்ல, மறைவு இல்லாத வெறுமைதான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் இந்தப் பாம்பு எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கிறது. இரவில் வெளியே வந்தாலும் புல், புதர், கிளை என்று மறைவோடு மறைவாகவே நகர்கிறது. இளம் பாம்புகளும் ஆண் பாம்புகளும் மரமேறிப் பறவைகளைக்கூடப் பிடிக்கின்றன. ‘பொந்தில் வாழ்கிற பாம்புக்குச் சின்னப் பெட்டி போதும்’ என்ற வாதத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். பொந்து அதற்குப் படுக்கையறை. இரவில் அது நடமாடும் வெளி மிகப் பெரியது.

ஆகவே நான்கடிக் கூண்டைச் செய்தபின், அதை நிரப்புவதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். வெப்பமான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று குறைந்தது இரண்டு மறைவிடங்கள் வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பது நல்லது. ஒன்று மட்டும் பிடித்துப்போனால், வெப்பம் தேவைப்படும்போதும் பாம்பு அதைவிட்டு வெளியே வராது. மறைவிடம் பெரிதாக இருக்கக் கூடாது. பாம்பு சுருண்டு படுத்தால் அதன் உடல் இரு பக்கமும் சுவரில் உரச வேண்டும், முதுகு கூரையைத் தொட வேண்டும். அந்த நெருக்கம்தான் அதற்குப் பாதுகாப்பு. இரண்டுக்கும் இடையே மரப்பட்டை, கிளை, செயற்கை இலைக்கொத்து என்று அடர்த்தியாகப் போடுங்கள். கூண்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாம்பு எங்கும் வெட்டவெளியைக் கடக்காமல் போக முடிய வேண்டும். எல்லாம் வைத்தபின், கைக்கு எட்டும் உயரத்திலிருந்து பார்த்தால் தரை பாதிக்குமேல் தெரியக் கூடாது. கூண்டின் மூன்று பக்கங்கள் உள்ளே தெரியாதபடி அடைத்திருப்பதும் நல்லது. நான்கு பக்கமும் கண்ணாடி என்றால் எப்பக்கம் திரும்பினாலும் அதற்கு ஒரு நடமாட்டம் தெரிந்துகொண்டே இருக்கும்.

நீளம் ஏன் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் வெப்பம். கோழிக்காரரான உங்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் புரூடரில் அவை விளக்கின் கீழ் நெருக்கியடித்தால் குளிர். விளக்கைவிட்டு ஓரம் ஒதுங்கினால் சூடு அதிகம். விலகிப் போக இடம் இருப்பதால்தான் குஞ்சு தன் தேவையை நமக்குக் காட்ட முடிகிறது. பாம்பும் தன் உடல் வெப்பத்தை இடம் மாறித்தான் சரிசெய்துகொள்கிறது. வெப்பமான முனையில் தரைமட்டம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த முனையில் 24 முதல் 27 டிகிரி இருக்க வேண்டும். இரண்டரை அடிப் பெட்டியில் ஒரு முனையை 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மறுமுனையும் கூடவே சூடாகிவிடும். பாம்புக்கு ஒதுங்க இடம் இராது. நான்கடியில் இந்த வேறுபாடு தானாகவே கிடைத்துவிடுகிறது. வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த வெப்பக் கருவியையும் பொருத்தாதீர்கள். மேலே விளக்கு பொருத்தினால் அதைச் சுற்றிக் கம்பி வலை கட்டாயம் வேண்டும். விளக்கில் சுற்றிக்கொண்டு வயிறு வெந்துபோன பாம்புக்கு மருத்துவம் பார்ப்பது நீண்ட, வேதனையான வேலை. இரண்டடி உயரம் சொன்னதற்கும் இதுவே பாதிக் காரணம்: விளக்குக்கும் ஏறும் கிளைக்கும் நடுவே போதிய இடைவெளி வேண்டும்.

ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு. சட்டை உரிக்கும் காலத்தில் சற்றுக் கூடினால் தவறில்லை. மேலே முழுக்க வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியில் இதைக் காப்பது கடினம். வலையில் பெரும்பகுதியை அடைத்துவிட வேண்டியிருக்கும். பி.வி.சி. பலகையில், முன்பக்கம் கதவு வைத்துச் செய்த கூண்டே எனக்குப் பிடித்தது. முன்பக்கக் கதவில் இன்னொரு நன்மையும் உண்டு. மேலிருந்து இறங்கும் கை பாம்புக்குப் பருந்துபோலத் தோன்றும்; பக்கவாட்டில் வரும் கையை அது எளிதில் ஏற்றுக்கொள்ளும்.

இனப்பெருக்கம் செய்பவர்கள் அடுக்கு இழுப்பறைகளில் வளர்க்கிறார்களே, அவையெல்லாம் தின்று, வளர்ந்து, முட்டையிடுகின்றனவே என்று நீங்கள் கேட்கலாம். கம்பிக் கூண்டுக் கோழியும் முட்டையிட்டது. குறைவாக அல்ல, நிறையவே இட்டது. அப்படியிருந்தும் இறக்கை விரிக்க இடமில்லாத பழைய வகைக் கூண்டுகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் தடை செய்தது. முட்டை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓர் உயிர் நன்றாக வாழ்கிறது என்று முடிவுகட்ட முடியாது என்பதைக் கோழித் தொழில் கற்றுக்கொண்டுவிட்டது. பாம்பு வளர்ப்பிலும் அதே பாடம் பொருந்தும் என்று உறுதியாக நம்புகிறேன். பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் வாழக்கூடிய உயிர். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் உயிரியல் பூங்காவுக்கு 1961-இல் வந்த பெண் பாம்பு ஒன்று, 2020-இல், அறுபது வயதைக் கடந்தபின் முட்டையிட்டது. நாம் தேர்ந்தெடுக்கும் கூண்டில்தான் அந்த உயிர் தன் காலம் முழுவதையும் கழிக்கப்போகிறது.

குட்டிக்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டரை முதல் மூன்றடி நீளக் கூண்டில் இப்போது விட்டு, மூன்றடியை நெருங்கும்போது நான்கடிக்கு மாற்றலாம். அல்லது இப்போதே நான்கடிக் கூண்டைச் செய்து, குஞ்சுகளுக்குத் தடுப்பு வளையம் வைப்பதுபோல் நடுவில் ஒரு பலகைத் தடுப்பு வைத்து, வளர வளர நகர்த்தலாம். இரண்டாவது வழியே எனக்கு உகந்தது, செலவும் ஒருமுறையோடு முடியும். தடுப்பு உறுதியாக, சந்து இல்லாமல் இருக்க வேண்டும். மறைவிடங்களை மட்டும் குட்டியின் உடலுக்கேற்ற சிறிய அளவில் வைத்து, அது வளர வளர மாற்றுங்கள்.

பாம்பின் நீளத்தை அளக்க, உரித்த சட்டையை நம்பாதீர்கள். உரியும்போது சட்டை இழுபட்டு, பாம்பைவிட நீளமாகிவிடும். பாம்பு சுவரோரம் ஊரும்போது அதன் முதுகின் வளைவுகளை ஒட்டி ஒரு நூலைப் பிடித்து, பிறகு நூலை அளந்துகொள்ளுங்கள். இருவர் சேர்ந்து செய்தால் எளிது.

இடம் மாற்றியபின் ஒரு வாரம் கையில் எடுக்காதீர்கள்; தண்ணீர் மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழைய பெட்டியில் இருந்த மறைவிடத்தைக் கழுவாமல் அப்படியே புதிய கூண்டில் வைத்தால் அதன் சொந்த வாடை இருக்கும். எட்டாம் நாள் இரை கொடுத்துப் பாருங்கள். மறுத்தால் மறுவாரம். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த பாம்பு பல வாரங்கள் இரையில்லாமல் இருந்தாலும் கலங்க வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கொருமுறை எடை மட்டும் போடுங்கள். இருந்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டால் ஊர்வன மருத்துவம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். குட்டியிடம் அவ்வளவு சேமிப்பு இல்லை, அதன் விஷயத்தில் பொறுமை குறைவாகவே இருக்கட்டும். இரவெல்லாம் மூடியின் விளிம்பில் மூக்கைத் தேய்த்து, செதில் உரிந்து சிவந்திருந்தால் ஏதோ ஒன்று அதற்கு ஒவ்வவில்லை என்று பொருள். பெரும்பாலும் சூடாகவோ, மறைவு போதாததாகவோ இருக்கும்.

இரண்டையும் ஒரே கூண்டில் விடவே வேண்டாம். பத்தடிக் கூண்டு செய்தாலும் என் பதில் இதுதான். ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல வெப்பமும் மறைவும் உள்ள ஓரிடத்துக்கு இரண்டும் போட்டியிடுகின்றன. சிறியது தோற்கிறது, இரையை விடுகிறது. உங்கள் இரண்டுக்கும் வயதும் உடலும் இவ்வளவு வேறுபடும்போது ஆபத்து இன்னும் அதிகம். புதிய பாம்பிடமிருந்து பழைய பாம்புக்கு உண்ணியும் நோயும் தொற்றுவது வேறு.

கதவுக்குப் பூட்டு போடுங்கள். குட்டியின் தலை நுழையும் சந்து இருந்தால் உடலும் நுழைந்துவிடும். கண்ணாடிக் கதவுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியும் இடத்தில் உள்ள இடைவெளியை விரலால் தடவிப் பார்த்து, அடைத்தபின் பாம்பை உள்ளே விடுங்கள்.