கைதானவரின் தாயார் சொன்ன இரண்டு வரி

கேள்வி: சென்ற இதழில் நகைத் திருட்டுச் செய்தியோடு, கைதான இளைஞரின் தாயார் புலம்பியதையும் இரண்டு வரி போட்டிருந்தீர்கள். அது எதற்கு? பழைய அமெரிக்க வானொலி நாடகமான ‘டிராக்நெட்’டில் சார்ஜென்ட் ஜோ ஃபிரைடே, “உண்மை மட்டும் போதும், அம்மா” என்று சாட்சிகளை அடக்குவார். அவரிடம் உங்கள் நிருபர்கள் பாடம் படிக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: படிக்கலாம். ஆனால் பாடத்தின் முதல் வரியிலேயே பிழை இருக்கிறது. நீங்கள் மேற்கோள் காட்டும் வசனத்தை ஜோ ஃபிரைடே அப்படியே சொன்னதில்லை. அதற்கு நெருக்கமாக ஏதேதோ சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். 1953-இல் ஸ்டான் ஃபிரெபெர்க் என்ற நகைச்சுவைக் கலைஞர் அந்த நாடகத்தைக் கிண்டலடித்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். டிராகனைப் பிடிக்கக் கிளம்பிய வீரன் அதில் போலீஸ்காரர் தோரணையில் விசாரணை நடத்துவான். தட்டு சக்கைப்போடு போட்டது. அதில் வந்த ஒரு வரிதான் வாய்க்கு வாய் தேய்ந்து, கடைசியில் ஃபிரைடேயின் கணக்கில் ஏறிவிட்டது.

எனக்கும் அந்த நாடகத்தின் மேல் பிரியம் உண்டு. பெரும்பாலான பகுதிகளின் ஒலிப்பதிவு இன்றும் கிடைக்கிறது. இரவில் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டிருக்கிறேன். எடுத்து நடத்தி, ஃபிரைடேயாகவும் நடித்தவர் ஜாக் வெப். அதற்கு முன் அவர் வானொலியில் செய்தது நேர் எதிரான வேலை: சான்ஃபிரான்சிஸ்கோ துறைமுகத்தில் படகு வாடகைக்கு விடும் பாட் நோவக் என்ற ஆளாக வந்து, வாயைத் திறந்தால் உவமை உவமையாகக் கொட்டுவார். 1948-இல் ஒரு திரைப்படத்தில் போலீஸ் ஆய்வக நிபுணராகச் சின்ன வேடம் கிடைத்தது. அந்தப் படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் சார்ஜென்ட் மார்ட்டி வின், வானொலித் துப்பறிவாளர்கள் அடிக்கும் கூத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். வேண்டுமானால் உண்மையான வழக்குக் கட்டுகளைப் பார்க்க வழி செய்கிறேன் என்றார். வெப் பிடித்துக்கொண்டார். போலீஸ் வண்டியில் கூடவே சுற்றினார், அவர்கள் பேச்சைக் காதில் வாங்கினார். 1949 ஜூன் 3-ஆம் தேதி என்.பி.சி. வானொலியில் நாடகம் தொடங்கியது.

அது பேசிய விதம் புதிது. குரல் உயராது, வாக்கியம் நீளாது. தேதி, கிழமை, வானிலை, எந்தப் பிரிவில் வேலை என்பதோடு ஆரம்பிக்கும். ஒலி விளைவுகளுக்கு மட்டும் ஐந்து பேர் வரை நின்று வேலை பார்த்தார்கள். ஒரு பகுதியில் யூட்டா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றுக்கு டிரங்க் கால் போட வேண்டும். வேறு யாராயிருந்தாலும் மணி அடித்ததும் “ஹலோ” என்று வைத்திருப்பார்கள். இங்கே ஒரு ஆபரேட்டர் அடுத்த ஆபரேட்டரைக் கூப்பிட்டு, அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, லைன் கிடைக்கும்வரை நாமும் காத்துக் கிடக்கிறோம். டிரங்க் காலுக்குப் பதிவு செய்துவிட்டு உட்கார்ந்திருந்த தலைமுறைக்கு அந்தக் காத்திருப்பின் சுவை தெரியும்.

1949 கிறிஸ்துமஸை ஒட்டி வந்த பகுதியில் வில்லனே கிடையாது. பரிசாகக் கட்டி வைத்திருந்த .22 ரக ரைஃபிள், காணாமல்போன சிறுவன், இரண்டு பெற்றோர்கள். துப்பாக்கி வைத்திருப்போருக்காக வாதாடும் அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கத்திலிருந்து எதிர்ப்புக் கடிதங்கள் வந்தன. அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் தலைவரான வில்லியம் பார்க்கரோ, பிள்ளைகள் கையில் துப்பாக்கி கொடுப்பதன் மடமையைக் காட்ட இன்னும் பத்து நாடகம் போடுவோம் என்று பதில் சொன்னார். பார்க்கரைப் பற்றிச் சொல்ல நல்லது அதிகம் இல்லை. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இப்போது உங்கள் ‘உண்மை மட்டும்’. “நீங்கள் கேட்கப்போகும் கதை உண்மையானது, நிரபராதிகளைக் காக்கப் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறோம்” என்று ஒவ்வொரு வாரமும் அறிவிப்பார்கள். வழக்குக் கட்டு போலீசுடையது, ஒத்துழைப்பு போலீசுடையது. பதிலுக்கு அவர்கள் கேட்ட விலை, தங்கள் துறையைக் குறைவாகக் காட்டக் கூடாது என்பது. வெப் அந்த விலையைக் கொடுத்தார். நாடகம் தொடங்கிய அதே ஜூன் மாதத்தில், விபசார விடுதி நடத்திய பெண்ணிடம் போலீசார் மாமூல் வாங்கிய விவகாரம் வெடித்து, அப்போதைய போலீஸ் தலைவர் ஹோரல் பதவியைவிட்டுப் போனார். வானொலியில் அதன் வாடைகூட இல்லை.

அதைவிட மோசம் 1951 டிசம்பர். ஃபிரைடேயின் கூட்டாளி பென் ரொமேரோ மெக்சிக வம்சாவளிக்காரர். அந்தப் பாத்திரத்தில் நடித்த பார்ட்டன் யார்பரோ அந்த மாதம் மாரடைப்பால் இறந்தார். மாத இறுதியில் ரொமேரோவும் மாரடைப்பில் இறந்ததாகவே நாடகத்தை எழுதினார்கள். நாடே துக்கம் கேட்டது. அதே மாதம் 25-ஆம் தேதி விடியற்காலையில் லாஸ் ஏஞ்சலிஸ் சிறையில் நிஜப் போலீசார் ஏழு இளைஞர்களைக் குற்றுயிராக அடித்துப்போட்டார்கள். ஏழு பேரில் ஐவர் மெக்சிக வம்சாவளியினர். பிறகு எட்டுப் போலீசார் மேல் வழக்கு, ஐந்து பேருக்குத் தண்டனை, 39 பேர் தற்காலிகப் பணிநீக்கம், 54 பேர் இடமாற்றம். கதையிலிருந்த மெக்சிகனுக்காக அழுத நிகழ்ச்சிக்கு, சிறையிலிருந்த மெக்சிகர்கள் கண்ணில் படவில்லை.

பொய் சொன்னார்களா? இல்லை ஐயா. சொன்னதெல்லாம் வழக்குக் கட்டில் இருந்தது. அந்தக் கட்டை எழுதியவர் யார் என்பதுதான் என் கேள்வி. நாடகம் தீர்ப்போடு முடியும்: இன்ன நீதிமன்றம், இன்ன குற்றம், இன்ன தண்டனை. பிடிபட்டவனுக்குத் தாய் உண்டா, அவள் என்ன சொன்னாள் என்று கேட்க நேரமிருக்காது. விளம்பரதாரரின் சிகரெட்டுக்கு மட்டும் நேரம் இருக்கும். 1982-இல் ஜாக் வெப் இறந்தபோது, ஃபிரைடே அணிந்த 714 என்ற பேட்ஜ் எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸ் முடிவு செய்தது. ஒரு நடிகருக்கு!

எங்கள் குற்றச் செய்திகளில் குறை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது நீங்கள் சொல்லும் குறை இல்லை. “விசாரணையில் தெரியவந்தது” என்று வாரம் தவறாமல் அச்சடிக்கிறோமே, அந்த விசாரணையை நாங்கள் செய்வதில்லை. காவல் நிலையத்திலிருந்து வரும் ஒரு பக்கத் தாள் அது. நகைத் திருட்டுச் செய்தியில் அந்தத் தாளுக்கு வெளியே எங்கள் நிருபர் நடந்து போய்க் கேட்டு வாங்கியது அந்தத் தாயாரின் இரண்டு வரி மட்டுமே. தன் மகன் அன்று இரவு ஷிப்டில் இருந்ததாக அவர் சொல்லியிருந்தார். நீங்கள் அதைப் புலம்பல் என்கிறீர்கள். வேலை செய்யும் இடத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாயா என்று நிருபரிடம் கேட்டேன். பார்க்கவில்லையாம். அனுப்பியிருக்கிறேன்.