ஏஎஸ்/400 பச்சைத் திரைக்கு மேல் புது முகப்பு போடுவது அவசியமா?

ஆர்டர், கிடங்கு, கணக்கு எல்லாம் ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில்தான் ஓடுகிறது, புதிதாகச் சேர்பவர்கள் எழுத்து மட்டுமே வரும் பச்சைத் திரையைக் கண்டு மிரள்கிறார்கள், பிரௌசருக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாற்றலாம். ஆனால் எல்லாருக்கும் மாற்ற வேண்டாம். 1988-இல் வந்த இந்த அமைப்பு இன்று ஐபிஎம் ஐ என்ற பெயரில் பவர் சர்வர்களில் ஓடுகிறது. பழசாகிப்போனது 24 வரி, 80 எழுத்து கொண்ட 5250 என்ற அந்தப் பச்சைத் திரைதான். பொருளின் படத்தையோ ஸ்கேன் செய்த பில்லையோ அதில் காட்ட முடியாது. விற்பனைப் பிரிவுக்கும் மேலாளர்களுக்கும் புது முகப்பு நிச்சயம் வேண்டும். நாள் முழுக்க ஆர்டர் தட்டுகிறவர் விஷயம் வேறு: அடுத்த திரை வருமுன்னே அதற்கான விசைகளையும் அழுத்தி முடித்திருப்பார். அவர் கையில் மவுஸைக் கொடுத்தால் வேகம் படுத்துவிடும்.

அவரையும் பிரௌசருக்குக் கொண்டுவருவதானால் ஃபங்ஷன் கீகளைக் கவனியுங்கள். 5250-இல் வழக்கமாக எஃப்3 வெளியேற, எஃப்12 முந்தைய திரைக்கு. பிரௌசரில் எஃப்3 தேடல் பெட்டியைத் திறக்கும், எஃப்12 டெவலப்பர் டூல்ஸைக் கொண்டுவந்து நிறுத்தும். எஃப்5 அழுத்தினாலோ பக்கம் மறுபடி ஏறி, பாதி நிரப்பிய படிவம் காலி. ஜாவாஸ்கிரிப்டில் இவற்றைப் பிடித்து, பழைய வேலையையே செய்ய வையுங்கள்.

ஹாட்ஸ் போன்ற கருவிகள் 5250 திரையை அப்படியே வலைப்பக்கமாக்கும். புரோகிராமைத் தொட வேண்டியதில்லை; ஆனால் கிடைப்பது வெள்ளையடித்த அதே 24 வரி. உருப்படியான வழி, ஆர்பிஜியில் (இந்த அமைப்பின் புரோகிராம் மொழி) எக்ஸ்ஃபெம்ட்டுகளுக்கு, அதாவது திரையைக் காட்டி உள்ளீடு வாங்கும் கட்டளைகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கணக்கீட்டையும் சரிபார்ப்பையும் தனி சர்வீஸ் புரோகிராமுக்கு நகர்த்தி, ரெஸ்ட் சேவையாக (வலை வழியே பிற புரோகிராம்கள் அழைக்கும்படி) திறப்பது. இதற்கான வெப் சர்வீசஸ் சர்வர் ஐபிஎம் ஐயிலேயே இருக்கிறது.

பெரும்பாலும் அடிவாங்கும் இடம் ரெக்கார்டு லாக், அதாவது ஒருவர் எடுத்த ரெக்கார்டை மற்றவர் மாற்றாதபடி பூட்டுவது. அப்டேட்டுக்குத் திறந்த ஃபைலில் செயின் (கீயை வைத்து ரெக்கார்டைப் படிக்கும் ஆர்பிஜி கட்டளை) செய்தாலே ரெக்கார்டு பூட்டப்படும். திரையை மட்டும் மாற்றியிருந்தால், பயனர் டேபை மூடிவிட்டுப் போன பிறகும் பின்னால் ஓடும் அவருடைய ஜாப் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அடுத்தவர் ஃபைலில் குறித்த காத்திருப்பு நேரம் (வெயிட்ரெகார்டு) வரை காத்திருந்து சிபிஎஃப்5027 பிழை வாங்குவார். ஆகவே பூட்டாமல் படியுங்கள், அதாவது செயின்(என்). சேமிக்கும்போது, ரெக்கார்டு கடைசியாக மாறிய நேரத்தை, படித்தபோது இருந்த நேரத்தோடு ஒப்பிடுங்கள்.

அந்த நேரத்தை வைக்க ஃபைலில் புது நெடுவரிசை சேர்த்தால் பழைய புரோகிராம்கள், ஃபைலின் அமைப்பு மாறியதைக் கண்டுபிடிக்கும் லெவல் செக்கில் (சிபிஎஃப்4131) விழும். எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்யத் தேவையில்லை. ஃபைலுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, பழைய பெயரில், பழைய ஃபார்மட்டிலும் கீயிலும் ஒரு லாஜிக்கல் ஃபைல் (தரவைத் தன்னிடம் வைக்காமல் மூல ஃபைலைக் காட்டுவது) கட்டினால் போதும்.

தமிழ்ப் பெயர்கள் வேண்டுமென்றால் சிசிஎஸ்ஐடி (எழுத்துக் குறியாக்க எண்) 37 கொண்ட நெடுவரிசைகளில் ஏறாது. 1208 (யுடிஎஃப்-8) அல்லது 1200 (யுடிஎஃப்-16) வேண்டும். 65535 (குறியாக்கத்தை மாற்றாதே) என்று குறித்த நெடுவரிசைகள் ஜேடிபிசி (ஜாவாவின் தரவுத்தள இணைப்பு) வழியே குப்பையாக வந்தால், இணைப்பில் டிரான்ஸ்லேட் பைனரியை ட்ரூ ஆக்குங்கள்.