நெற்றியில் முளைத்த கொம்பு

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், விடுமுறைக்கு வந்த என் அண்ணன் மகனோடு சேர்ந்து 'ஃபுரி குரி' என்ற ஜப்பானிய அனிமே பார்த்தான். நானும் ஒரு பகுதி பார்த்தேன். வெஸ்பாவில் வரும் ஒரு பெண் பையனைக் கிடாரால் அடிக்கிறாள். அவன் நெற்றியில் கொம்பு முளைக்கிறது. அதற்குள்ளிருந்து ரோபோ வருகிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மகனோ, 'இது வளர்ற கதைம்மா' என்கிறான். உண்மைதானா?
– ஒரு வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உண்மைதான் அம்மா, உங்கள் மகன் சரியாகவே பிடித்திருக்கிறான். கதையின் நாயகன் நவோதாவுக்கு வயது 12. பேஸ்பால் ஆட அமெரிக்கா போய்விட்ட அண்ணனின் மட்டையும், அண்ணனின் தோழி மமிமியும், அண்ணனைப் போல் இருக்கவேண்டும் என்ற சுமையும் அவன் தலையில் வந்து விழுந்திருக்கின்றன. இந்த நிலையில் நெற்றியில் கொம்பு முளைத்தால் அவன் என்ன செய்கிறான் என்பதைக் கவனியுங்கள். ஒரு பிளாஸ்திரியை ஒட்டி மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போகிறான். மகரக்கட்டு உடைந்த புதிதில் வகுப்பில் வாய் திறக்க மறுத்த பிள்ளைகளையும், முகப்பருவைக் கையால் மூடிக்கொண்டே பேசிய பிள்ளைகளையும் நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா? கேட்காமலே உடம்பிலிருந்து ஏதோ ஒன்று புறப்பட்டு வருவதும், அதை ஊர் பார்த்துவிடுமோ என்று கூசுவதும்தான் அந்த வயது. ரோபோவும் கொம்பும் அந்தக் கூச்சத்தையே கண்ணுக்குக் காட்டுகின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது நான்காம் பகுதி. ஆட்டத்தில் பந்து வரும்போதெல்லாம் நவோதா மட்டையை வீசாமலே நிற்கிறான். வீசித் தவறுவதைவிட வீசாமல் இருப்பது பெரியமனிதத்தனம் என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டவன் அவன். கடைசியில் விண்ணிலிருந்து ஊரின் மீது குண்டு விழவரும்போது, வேறு வழியின்றிக் கிடாரை ஓங்கி வீசுகிறான். இதைக் காட்டிலும் நேர்மையாக அச்சத்தைச் சொன்ன காட்சிகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் சொல்லியாகவேண்டும். இத்தொடரில் பாலியல் சாயலுள்ள பேச்சும் கேலியும் நிறைய உண்டு. ஆகவே பிள்ளையைத் தனியே விடாமல் பக்கத்தில் அமர்ந்து பாருங்கள், கேட்டால் மறைக்காமல் பதில் சொல்லுங்கள்.

கேள்வி: அந்த ஊருக்கு மேலே இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் ஒரு தொழிற்சாலை நிற்கிறதே, அது ஏன்? அது விடும் புகை எங்கள் ஊர்ப் பனிமூட்டத்தை நினைவூட்டியது.
– ஒரு மாணவி, ஏற்காடு

பதில்: அந்தத் தொழிற்சாலையின் பெயர் மெடிக்கல் மெக்கானிகா. சேலம் தெருக்களில் இஸ்திரி வண்டிக்காரர் துணியில் தண்ணீர் தெளித்து, கரி கனலும் பெட்டியை வைத்து அழுத்தும்போது 'உஸ்' என்று ஆவி எழுந்து, மடிப்பெல்லாம் ஒரே இழுப்பில் மறைவதைப் பார்த்திருப்பீர்கள். கதையில் இந்தப் பெட்டியின் வேலையும் அதுவே. அது தேய்க்க வந்திருப்பது துணியை அன்று, மூளையின் மடிப்புகளை. மடிப்பில்லாத மூளைக்குச் சிந்தனை இல்லை. ஏற்காட்டுப் பனி வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கதை நடக்கும் மபாசே ஊர்மக்களோ அந்த வெள்ளைப் புகைக்குள்ளேயே கடைக்கும் பள்ளிக்கும் போய்வந்து பழகிவிட்டவர்கள். 'இங்கே வியப்பாக எதுவும் நடப்பதில்லை' என்று நவோதா சொல்லிக்கொண்டிருப்பது அந்தப் பெட்டியின் நிழலில் நின்றுதான்.

கேள்வி: மொத்தம் எத்தனை பகுதிகள்? முடிவில் நவோதா பெரியவன் ஆகிவிடுகிறானா?
– ஒரு வாசகர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்

பதில்: ஆறே பகுதிகள். கைனாக்ஸ், புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனங்கள் தயாரிக்க, கசுயா சுருமாகி இயக்கத்தில் 2000 ஏப்ரல் முதல் 2001 மார்ச் வரை வீடியோவாக வெளிவந்தன. பாடல்கள் 'தி பில்லோஸ்' என்ற ஜப்பானிய ராக் குழுவினுடையவை. அவை இல்லாமல் இந்தத் தொடரை எண்ணிப்பார்க்கவே என்னால் இயலவில்லை.

நவோதா பெரியவன் ஆகவில்லை. இறுதிச் சண்டையில், வெஸ்பாவில் வந்த அந்தப் பெண் ஹருகோவை வீழ்த்தும் வல்லமை கைக்கு வந்தும், அவன் ஓங்கியதை இறக்கிவிட்டு, அவளைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறான். அவளோ, 'நீ இன்னும் சின்னப் பையன்' என்று சொல்லிப் பறந்துபோகிறாள். அவன் நடுநிலைப் பள்ளிச் சீருடையை அணியத் தொடங்குகிறான். அவள் விட்டுச்சென்ற பாஸ் கிடார் அவன் அறையில் சாய்ந்து நிற்கிறது.