மழை பெய்தும் தண்ணீர் இறங்காத மானாவாரி நிலத்துக்கு

மழை பெய்த மறுநாளே மேல்மண் ஓடு மாதிரி இறுகிவிடுகிறது, உரம் கூட்டியும் விளைச்சல் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உரத்தை இப்போதைக்கு விடுங்கள். முதலில் தண்ணீர் உள்ளே இறங்க வேண்டும். மூடாத மண்ணில் மழைத்துளி அறையும்போது மண்கட்டி உடைந்து, அந்தப் பொடி துளைகளை அடைத்துக்கொள்கிறது. அதுதான் அந்த ஓடு. அறுவடைக்குப் பின் நிற்கிற தட்டையை, அதாவது பயிரின் காய்ந்த தண்டை, எரிக்காமல், மாட்டுக்கும் முழுசாகக் கொடுத்துவிடாமல், பாதியையாவது நிலத்தின் மேலேயே பரப்புங்கள். மடக்கி உழ வேண்டாம். காய்ந்த தட்டை மண்ணுக்குள் மக்கும்போது தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுத்துப்போகும்.

முற்றிலும் இறுகிய பகுதிக்குக் குழி முறையைத்தான் நான் சொல்வேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா பாசோவில் யாகூபா சவாடோகோ என்ற விவசாயி 1980களில் தரிசை மீட்டது இப்படித்தான். கோடையிலேயே 20-30 செ.மீ. அகலம், 15-20 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் இரண்டு கை போட்டு வையுங்கள். தோண்டிய மண்ணைச் சரிவின் கீழ்ப்பக்கம் அணைத்துவிடுங்கள். மழை வந்ததும் குழிக்குள்ளேயே விதைப்பு. உடம்பை முறிக்கிற வேலைதான். அதனால் முதல் வருடம் மிக மோசமான ஒரு மூலையில் மட்டும் செய்யுங்கள். அப்புறம், உழவு எப்போதும் சரிவுக்குக் குறுக்கே இருக்கட்டும்.