பின்சக்கர இயக்கமா, நான்கு சக்கர இயக்கமா? ஸ்போர்ட்ஸ் செடான் வாங்குவோர் கேட்டவையும் என் பதில்களும்

ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு கராஜில் இருபத்திரண்டு ஆண்டுகளாக ஜெர்மன் கார்களின் கியர்பெட்டி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக்கொடுக்கும் டிஃபரென்ஷியல் ஆகியவற்றின் வேலைகளைச் செய்து வருகிறேன். ஸ்போர்ட்ஸ் செடானில் எந்த இயக்கத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன். கடன், வட்டி, காப்புறுதிக் கட்டணம் பற்றிய கேள்விகளுக்கு நான் தகுந்த ஆள் இல்லை.

ஸ்காபரோவிலிருந்து: வணக்கம் அண்ணா. பாவித்த பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஒன்று வாங்க இருக்கிறேன். ஏறத்தாழ ஒரே விலையில் பின்சக்கர இயக்கம் உள்ள ஒன்றும் எக்ஸ்டிரைவ் (பிஎம்டபிள்யூவின் நான்கு சக்கர இயக்கம்) உள்ள ஒன்றும் கிடைக்கின்றன. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. ஆனால், பனிக்காலத்துக்கு ஆல் வீல் டிரைவ் இல்லாமல் சரிவராது என்று அப்பா சொல்கிறார்.

உங்கள் அப்பா சொல்வதில் பாதி சரி, தம்பி. டயர்தான் காரைத் தள்ளுகிறது, திருப்புகிறது, நிறுத்துகிறது. இவற்றில் தள்ளுவதற்கு மட்டுமே நான்கு சக்கர இயக்கம் உதவும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 1,600 கிலோ எடையுள்ள காரின் பாரம் முன்னும் பின்னும் சமமாகப் பிரிந்திருக்கிறது என்றும், இறுகிய பனியில், எல்லாப் பருவத்துக்கும் பொதுவான ஆல் சீசன் டயரின் பிடிமானம் 0.2 என்றும் வைத்துக்கொள்வோம். பின்சக்கரங்களின் மேல் இருக்கும் 800 கிலோவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 160 கிலோ விசைதான் அந்தக் காரைத் தள்ளக் கிடைக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கினால் 320 கிலோ கிடைக்கும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் கார் பின்னோக்கி வழுக்காமல் நிற்கவே ஏறத்தாழ 160 கிலோ தேவைப்படுகிறது. ஆகவே பின்சக்கர இயக்கக் கார் அந்த ஏற்றத்தில் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும்போது, பக்கத்தில் எக்ஸ்டிரைவ் கார் ஏறிப் போய்விடும். உங்கள் அப்பா கண்டிருப்பது இதைத்தான்.

இப்போது அதே இரு கார்களும் அதே பனியில் 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பிரேக் பிடிக்கட்டும். எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு. எனவே இரண்டுமே ஏறத்தாழ 49 மீட்டரில்தான் நிற்கும். பனிக்காலத்துக்கென்றே செய்த நல்ல விண்டர் டயரைப் பூட்டிப் பிடிமானத்தை 0.3 ஆக்கினால் அந்தத் தூரம் 33 மீட்டராகக் குறைகிறது. அந்த 16 மீட்டர் மூன்று கார்களின் நீளத்துக்கும் அதிகம். மேலும், விண்டர் டயர் போட்ட பின்சக்கர இயக்கக் காருக்குத் தள்ளு விசை 240 கிலோவாக உயர்ந்துவிடுவதால், முன்பு திணறிய ஏற்றத்தை அதுவும் ஏறிவிடும்.

உங்களுக்குப் பிடித்த காரையே வாங்கலாம். ஆனால் விண்டர் டயர் நான்கையும் சேர்த்துத்தான் அதன் விலை என்று முதலிலேயே கணக்கிடுங்கள். வீட்டு வாசல் செங்குத்தான சரிவில் இருந்தாலோ, பனி அள்ளும் வண்டி வருமுன் விடியற்காலையில் வேலைக்குப் புறப்பட வேண்டியிருந்தாலோ, எக்ஸ்டிரைவை விண்டர் டயருடன் வாங்குங்கள்.

பிரம்டனிலிருந்து: ஆல் வீல் டிரைவ் இருக்கும்போது விண்டர் டயர் தேவையா?

தேவை. மேலே உள்ள 49 மீட்டர், 33 மீட்டர் கணக்கைப் பாருங்கள்.

மிசிசாகாவிலிருந்து: அவுடியின் குவாட்ரோதான் உண்மையான நான்கு சக்கர இயக்கம், எக்ஸ்டிரைவ் பின்சக்கரம் வழுக்கிய பிறகுதான் விழித்துக்கொள்ளும் என்கிறார்களே?

குவாட்ரோ என்ற ஒரே பெயரின் கீழ் வெவ்வேறு பொறிமுறைகள் விற்கப்படுகின்றன. 1980ஆம் ஆண்டு ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான முதல் குவாட்ரோவின் வழிவந்த, என்ஜின் நெடுக்காக அமர்ந்த கார்களில், நடுவில் தானாகப் பூட்டிக்கொள்ளும் பல்சக்கர டிஃபரென்ஷியல் நீண்ட காலம் இருந்தது. அது எப்போதும் நான்கு சக்கரங்களுக்கும் விசையை அனுப்பிக்கொண்டே இருக்கும். என்ஜின் குறுக்காக அமர்ந்த ஏ3, எஸ்3 கார்களில் இருப்பதோ, தேவைப்படும்போது பின்சக்கரங்களை இணைக்கும் ஒரு கிளட்ச். அந்தக் கார்கள் அடிப்படையில் முன்சக்கர இயக்கம் கொண்டவை. 2016இல் வந்த குவாட்ரோ அல்ட்ரா, நெடுக்கு என்ஜின் கார்களிலும் தேவையில்லாத நேரத்தில் பின்சக்கரங்களைத் துண்டித்துவிடுகிறது. ஆகவே காரின் பின்னால் ஒட்டியுள்ள பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

2003இல் வந்த எக்ஸ்டிரைவிலும் இருப்பது பல தகடு கிளட்ச்தான். ஆனால் சாதாரண ஓட்டத்திலேயே அது ஓரளவு இறுகியிருந்து, நாற்பது பங்கை முன்னுக்கும் அறுபது பங்கைப் பின்னுக்கும் அனுப்புகிறது. வழுக்கிய பிறகுதான் விழிக்கும் என்பது சரியல்ல. வளைவிலிருந்து வெளியேறும்போது காரின் பின்புறம் தள்ளும் உணர்வை எக்ஸ்டிரைவ் பெரும்பாலும் காப்பாற்றிக்கொடுக்கிறது என்பதால் நான் அதை விரும்புகிறேன்.

மார்க்கத்திலிருந்து: என் காரில் ஆல் வீல் டிரைவ் உண்டு. பின் டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. இரண்டை மட்டும் மாற்றலாமா?

முன் டயர்களில் எத்தனை மில்லிமீட்டர் மீதமிருக்கிறது என்று அளக்காமல் மாற்றக் கூடாது. இந்த அமர்வில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

18 அங்குலச் சக்கரத்தில் பூட்டும் 225/45 டயரின் சுற்றளவு புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 2,072 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் தேய்ந்ததும் சுற்றளவு 19 மில்லிமீட்டர் குறைகிறது. அதனால் தேய்ந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நான்கு சுற்றுக்கும் அதிகமாகக் கூடுதலாகச் சுழல வேண்டும். ரொறன்ரோவிலிருந்து மொன்றியாலுக்கு ஏறத்தாழ 540 கிலோமீட்டர். அந்த ஒரு பயணத்தில் மட்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள் வேறுபாடு விழும். நேர்ச்சாலையில் போனாலும், நடுவிலுள்ள கிளட்ச் அந்த வேறுபாட்டை இடைவிடாமல் உரசி உரசியே தாங்குகிறது.

சென்ற ஆண்டு ஒரு தம்பி தன் காரைக் கொண்டுவந்தார். வாகனத் தரிப்பிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பினால் கார் விக்கி விக்கி நகர்ந்தது. எங்கோ ஒரு கடையில் மலிவாகப் பின் டயர் இரண்டை மட்டும் மாற்றிக்கொடுத்திருந்தார்கள். முன்னுக்கும் பின்னுக்கும் விசையைப் பிரிக்கும் பெட்டியான டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றி எண்ணெயை வடித்தபோது அது கறுத்துத் தார் போல இறங்கியது. உள்ளே இருந்த கிளட்ச் தகடுகளின் விளிம்பில் வெப்பத்தால் நீலம் பாய்ந்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டியதும் உராய்வுப் பூச்சு செதிலாகக் கையோடு வந்தது. இரண்டு டயரில் மிச்சம் பிடித்த பணத்தைப் போலப் பல மடங்கை அவர் அந்தப் பெட்டிக்குச் செலவழித்தார்.

தேய்மானத்தில் எவ்வளவு வேறுபாடு அனுமதி என்பது உங்கள் காரின் கையேட்டில் இருக்கும். பொதுவாக 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் நான்கையும் ஒன்றாக மாற்றச் சொல்கிறேன். முன்னையும் பின்னையும் காலத்தோடு இடம் மாற்றி வந்தால் நான்கும் ஒன்றாகவே தேயும். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் போட்ட கார்களில் அப்படி மாற்ற முடியாது என்பதையும் வாங்குமுன் யோசியுங்கள்.

ஏஜாக்ஸிலிருந்து: ஆல் வீல் என்றால் ஆல் சீசன் போதும்தானே அண்ணா?

போதாது.

சென்னையிலிருந்து: வணக்கம் ஐயா. பிஎம்டபிள்யூ எம்340ஐ என்ற காரை வாங்க எண்ணுகிறேன். இங்கே பனியே கிடையாது. எக்ஸ்டிரைவ் வீண் செலவா?

இந்தியாவில் அந்தக் கார் 2021இல் எக்ஸ்டிரைவுடன்தான் அறிமுகமானது. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள பிஎம்டபிள்யூ ஆலையிலேயே அது பூட்டப்படுகிறது. பின்சக்கர இயக்கம் வேண்டுமென்றால் அதே ஆண்டு வந்த நீளமான 330எல்ஐ உண்டு, ஆனால் அதன் இயல்பு வேறு. வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை ஈரமான சாலையில் இரண்டு பின்சக்கரங்களால் மட்டும் இறக்குவது கடினம். நவம்பர் மழையில் சிக்னலிலிருந்து புறப்படும்போது இதை உணர்வீர்கள். ஆனால் தேங்கிய நீரின் மேல் டயர் மிதக்கத் தொடங்கினால் எத்தனை சக்கரங்களில் இயக்கம் இருந்தாலும் பயனில்லை. அங்கே டயரின் பள்ளம்தான் நீரை வெளியேற்ற வேண்டும். சட்டம் அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை டயரைத் தேய்க்காதீர்கள்.

பிரம்டனிலிருந்து மீண்டும்: உங்கள் கணக்கை மதிக்கிறேன். ஆனால் பதினான்கு பனிக்காலமாக ஆல் வீலும் ஆல் சீசனுமாக ஓட்டுகிறேன், ஒரு கீறல் இல்லை. ஒன்ராறியோவில் விண்டர் டயர் கட்டாயமும் இல்லை. நீங்கள் தேவையில்லாமல் பயமுறுத்துகிறீர்கள்.

உங்கள் பதினான்கு ஆண்டுகளை நான் மறுக்கவில்லை. நீங்கள் கவனமாக ஓட்டுபவர் என்பதற்கு அது சான்று. டயர் போதும் என்பதற்குச் சான்று ஆகாது. உங்களுக்கு முன்னால் ஒரு பிள்ளை சாலையில் இறங்கும் நாள் வரை அந்த 16 மீட்டர் தேவைப்படுவதில்லை.

நானும் ஒரு காலத்தில் உங்களைப் போலத்தான் நினைத்தேன். ஸ்காபரோவில் பிரிம்லி சாலை புளஃபர்ஸ் பார்க்கை நோக்கி ஏரிக்கரைக்கு இறங்கும் சரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு சனவரிக் காலை, ஆல் சீசன் டயர் போட்ட என் நான்கு சக்கர இயக்கக் காரில் அங்கே இறங்கினேன். அந்தச் சரிவின் உச்சிக்கு வந்த வழியெல்லாம் பனியில் ஒரு முறைகூடச் சக்கரம் சுழலாததால் சாலை நன்றாக இருப்பதாகவே எண்ணியிருந்தேன். பிரேக்கை மிதித்தபோது பெடல் காலடியில் படபடவென்று அடித்ததே தவிர, கார் நிற்கவில்லை. ஓரத்துப் பனிக்குவியலில் முட்டித்தான் நின்றது. யாருக்கும் காயமில்லை. நான்கு சக்கர இயக்கம் புறப்படும்போது தரும் நம்பிக்கை, சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதை நம்மிடமிருந்து மறைத்துவிடுகிறது. பின்சக்கர இயக்கக் காராக இருந்திருந்தால் முதல் சிக்னலிலேயே எனக்குத் தெரிந்திருக்கும்.

சட்டத்தைப் பொறுத்தவரை, கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை என்றாலும், விண்டர் டயர் போட்டவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் சலுகை தர வேண்டும் என்ற விதி 2016 சனவரியிலிருந்து உள்ளது.

ஒஸ்லோவிலிருந்து: இந்த வாதத்தில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நான் இங்கே பின்சக்கர இயக்கம் கொண்ட மின்காரை ஆறு பனிக்காலம் ஓட்டியிருக்கிறேன். விண்டர் டயரில் 3 மில்லிமீட்டராவது பள்ளம் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். நல்ல டயர் இருந்தால் பின்சக்கரம் ஒரு பிரச்சினையே இல்லை. பிரம்டன் அண்ணர் ஒரு முறை முயன்று பார்க்கலாம்.

பிரம்டனிலிருந்து: அங்கே ஆணி டயர் போடுகிறார்கள். இங்கே அது முடியாது. இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லை.

இருவர் சொல்வதிலும் பொருள் உண்டு. ஆணி டயரை ஒன்ராறியோவின் வடபகுதியில் இருப்பவர்களே பாவிக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஆணி தன் மதிப்பைக் காட்டுவது வழுவழுப்பான பனிக்கட்டியில்தான். ரொறன்ரோவில் நாம் பெரும்பாலும் காண்பது குளிர்ந்த வெறும் தார், சேறு போன்ற ஈரப்பனி, அவ்வப்போது இறுகிய பனி. இவற்றுக்கு ஆணியில்லாத விண்டர் டயரின் மென்மையான ரப்பரே போதும்.

மின்காரைப் பற்றி ஒஸ்லோ அன்பர் சொன்னதோடு உடன்படுகிறேன். மின்மோட்டார் சக்கரம் வழுக்கத் தொடங்கிய கணமே விசையைக் குறைத்துவிடும், பெட்ரோல் என்ஜினால் அவ்வளவு விரைவாகச் செய்ய முடியாது. ஆனால் முடுக்கியிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கும் என்பதால், வழுக்கும் நாள்களில் அந்த மீளாக்கப் பிரேக்கைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டாவாவிலிருந்து: பின்சக்கர இயக்கக் காரின் டிக்கியில் மணல் மூட்டை வைக்கலாமா?

முன்பாரம் மிகுந்த பழைய கார்களுக்கு அது உதவியது. பாரம் சமமாகப் பிரிந்த இன்றைய செடானில் கிடைக்கும் பயன் சிறிது. அந்த மூட்டையின் எடையைப் பிரேக்கும் சுமக்க வேண்டும், மோதலில் கட்டப்படாத மூட்டை முன்னே பாயும். வேண்டாம்.

பிக்கரிங்கிலிருந்து: விண்டர் டயர் போடாமல் எக்ஸ்டிரைவ்…

இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். மேலே உள்ள பதில்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

போமன்வில்லிலிருந்து: பிஎம்டபிள்யூ எம்3 வாங்கி மோஸ்போர்ட் பந்தயத் தளத்தில் ஓட்ட விருப்பம். எந்த இயக்கம்?

இத்தகைய கேள்விக்கு மகிழ்ச்சியோடு எழுதலாம். நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் வந்த எம்3 காம்பெட்டிஷன் பின்சக்கர இயக்கத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை 3.9 வினாடியிலும், எக்ஸ்டிரைவில் 3.5 வினாடியிலும் எட்டியது. எக்ஸ்டிரைவில் எடை ஏறத்தாழ 50 கிலோ கூடியது. அப்போது இரண்டுக்கும் குதிரைத்திறன் 510தான். ஆகவே அந்த 0.4 வினாடி முழுக்க முழுக்கப் பிடிமானத்தின் வெற்றி. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கார் மெதுவான வளைவுகளிலிருந்து வெளியேறும்போதுதான் அந்த நன்மை தெரியும். மோஸ்போர்ட்டின் வேகமான, நீண்ட வளைவுகளில் அது அவ்வளவாகத் தெரியாது.

கற்றுக்கொள்ள விரும்பினால் பின்சக்கரமும் கைக் கியரும் உள்ள எம்3யைத் தேடுங்கள். கால் சற்று அதிகமாக அழுந்தினால் பின்புறம் மெல்ல விலகுவதை இருக்கையிலேயே உணரலாம். முன்சக்கரங்கள் திருப்பும் வேலையை மட்டும் செய்வதால் ஸ்டியரிங் தெளிவாகப் பேசும். எக்ஸ்டிரைவ் எம்3யிலும் பின்சக்கரத்தை மட்டும் இயக்கும் முறை உண்டு. ஆனால் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டை முழுவதும் அணைத்தால்தான் அது வேலை செய்யும். அதைப் பந்தயத் தளத்தில் மட்டும் பாவியுங்கள்.

ஸ்காபரோவிலிருந்து முதலில் கேட்டவர்: அண்ணா, பின்சக்கர இயக்கக் காரையே எடுக்கிறேன். அப்பாவும் சம்மதித்துவிட்டார். அதில் பின் டயர் அகலம், முன் டயர் ஒடுக்கம். விண்டர் டயரும் அப்படியே வாங்க வேண்டுமா?

மகிழ்ச்சி, தம்பி. அப்படி வாங்கத் தேவையில்லை. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஒடுக்கமான அளவில், கையேடு அனுமதிக்கும் மிகச் சிறிய ரிம்மில் வாங்குங்கள். ஒடுக்கமான டயர் பனியை நன்றாக வெட்டி இறங்கும், பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் வசந்தகாலக் குழிகளில் ரிம் எளிதில் வளையாது, முன்னையும் பின்னையும் இடம் மாற்றலாம். பக்கச்சுவரில் மூன்று சிகரங்களுக்குள் பனித்துகள் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். தயாரித்த வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக அதே சுவரில் அச்சாகியிருக்கும், அதையும் படியுங்கள். வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கும் அக்டோபர் கடைசியில் பூட்டிவிடுங்கள். முதல் பனி விழுந்த அன்று வந்தால் எந்தக் கராஜிலும் இடம் கிடைக்காது.